சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்!

கல்யாண வீட்டில் படம் எடுப்பவரைக் கவனித்திருப்பீர்கள். மாப்பிள்ளையையும் பெண்ணையும் ஜன்னலைப் பார்த்து நிற்கச் சொல்வார். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்க விடமாட்டார். ஏன்? அப்படி நின்றால் முகம் கறுத்துப் போகும். பட்டுப் புடவையின் நிறமும் தெரியாது.

வெளிச்சம் படம் எடுப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். காமிராவைத் தொட்டவர்கள் கற்றுக்கொள்ளும் முதல் பாடம் இதுதான். ஆகாய விமானத்தைப் படம் பிடிக்கவும் இதே பாடம்தான்.

2024-ம் ஆண்டு அக்டோபர் 6-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. இந்திய விமானப் படையின் 92-வது ஆண்டு விழாவுக்காக, சென்னை மெரினா கடற்கரையில் விமான சாகச நிகழ்ச்சி நடந்தது. ரபேல் வந்தது. சுகோய் வந்தது. நம் நாட்டிலேயே செய்த தேஜஸ் வந்தது. தாத்தா காலத்து டகோட்டாவும் வந்தது. மொத்தம் 72 விமானங்கள்! லட்சக்கணக்கான ஜனங்கள் மணலில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். கையில் காமிரா இல்லாதவர் யார்? செல்போன்தான் எல்லோரிடமும் இருக்கிறதே!

நிகழ்ச்சி நடந்த நேரம், பகல் 11 மணி முதல் 1 மணி வரை.

உச்சி வெயில் நேரம். அந்த நேரம்தான் தவறு என்பது என் கருத்து. படம் பிடிப்பவருக்கும் தவறு. பாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தவருக்கும் தவறு. இந்த மாதிரி நிகழ்ச்சியைப் பிற்பகல் 3½ மணிக்குத்தான் தொடங்க வேண்டும்.

காக்கை பறந்தது போல

மெரினா கிழக்கே பார்த்த கடற்கரை. விமானங்கள் கடலுக்கு மேலே பறக்கின்றன. நாம் கிழக்கே பார்த்து நிற்கிறோம். பகல் 11 மணிக்கு சூரியன் எங்கே இருக்கும்? நமக்கு எதிரே, தென்கிழக்கில், உயரத்தில். 12 மணிக்கு ஏறக்குறைய தலைக்கு மேல்.

ஆகவே வெளிச்சம் விமானத்தின் முதுகில் விழுகிறது. நமக்குத் தெரிவதோ விமானத்தின் வயிறு! சூரிய கிரண் குழுவின் 9 விமானங்களும் சிவப்பும் வெள்ளையுமாக அழகாக இருக்கும். ஆனால் எதிர் வெயிலில் எடுத்தால் படத்தில் 9 காக்கைகள் பறந்தது போலத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்து, "செல்போன் சரியில்லை" என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள். பாவம், செல்போன் என்ன செய்யும்?

இன்னொரு சங்கதியும் உண்டு. வானம் பளபளக்கிறது. கடலும் பளபளக்கிறது. இவ்வளவு வெளிச்சத்தைக் கண்டதும் காமிரா தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. ஏற்கனவே இருட்டாக இருக்கும் விமானம் இன்னும் இருட்டாகிவிடுகிறது. இதற்கு ஒரு வழி இருக்கிறது. பல செல்போன்களில் திரையை விரலால் தொட்டால் பக்கத்தில் சிறிய சூரியன் படம் ஒன்று வரும். விரலை வைத்து அதை மேலே தள்ளினால் வெளிச்சம் கூடும். பெரிய காமிராவிலும் வெளிச்சத்தைக் கூட்டும் வசதி உண்டு. ஆனால் இதெல்லாம் சமாளிப்புதான்.

மாலையில் எதையும் சமாளிக்க வேண்டியதில்லை. சூரியன் திருவல்லிக்கேணிப் பக்கம், நம் முதுகுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருக்கும். வெயில் நம் தோளைத் தாண்டிப் போய் விமானத்தின் மேல் விழும். இறக்கையில் எழுதிய எண்ணைக்கூடப் படிக்கலாம்!

ஒரு எச்சரிக்கை. சூரியன் எதிரே இருக்கும்போது, பெரிய லென்ஸ் மாட்டிய காமிராவில் கண்ணை வைத்து விமானத்தைத் துரத்தாதீர்கள். விமானம் சூரியனுக்குக் குறுக்கே போனால் உங்கள் கண்ணும் கூடவே போகும். பூதக்கண்ணாடியில் வெயிலைப் பிடித்துக் காகிதத்தை எரிப்பது போன்றதுதான் அது. கண் கெட்டுவிடும்.

சத்தத்தை நம்பாதீர்கள்

நேரம் எதுவானாலும் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள் உண்டு.

சத்தம் வந்த திசையில் காமிராவைத் திருப்பினால் அங்கே விமானம் இருக்காது. காரணம் என்ன? சத்தம் ஒரு வினாடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும். விமானம் 1 கிலோ மீட்டர் தூரத்தில் இருந்தால் அதன் சத்தம் நம் காதுக்கு வர 3 வினாடி ஆகும். மணிக்கு 900 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் விமானம் அந்த 3 வினாடிக்குள் 750 மீட்டர் தாண்டிவிடும்! ஆகவே சத்தம் கேட்கும் இடத்தை விட்டு, அது போகும் பக்கமாக முன்னால் பாருங்கள்.

ஜெட் விமானத்தைப் பெரிய காமிராவில் எடுப்பவர்கள் ஒரு வினாடியில் 1,000-ல் ஒரு பங்கு, அல்லது அதைவிடக் குறைந்த நேரமே காமிராவின் கதவைத் திறக்க வேண்டும். டகோட்டாவுக்கும் ஹெலிகாப்டருக்கும் அப்படிச் செய்யாதீர்கள். சுழலும் விசிறி நின்றுபோனது போலப் படத்தில் விழும். ஏதோ கயிறு கட்டித் தொங்கவிட்ட பொம்மை மாதிரி இருக்கும். 125-ல் ஒரு பங்கு முதல் 250-ல் ஒரு பங்கு வரை வைத்தால் விசிறி சுழல்வது தெரியும். அப்போது கை ஆடக்கூடாது. காலை அகட்டி நில்லுங்கள். முழங்கைகளை விலாவில் ஒட்டிக்கொள்ளுங்கள். இடுப்பை மட்டும் திருப்பி விமானத்தோடு கூடவே வாருங்கள். "கிளிக்" செய்த பிறகும் உடனே நிறுத்தாதீர்கள்.

5 உயிர்கள்

இனி, வருத்தமான விஷயத்துக்கு வருகிறேன்.

அன்று மெரினாவுக்கு வந்தவர்களில் 5 பேர் வீடு திரும்பவில்லை. வெயிலும் கூட்ட நெரிசலும் சேர்ந்து பலர் மயங்கி விழுந்தார்கள். ஏராளமானவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். காலையிலேயே குழந்தை குட்டிகளோடு வந்து மணலில் இடம் பிடித்தவர்கள், 1 மணிக்கு நிகழ்ச்சி முடிந்ததும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். ரெயில் நிலையங்களில் நிற்க இடம் இல்லை. தண்ணீர் தேடி அலைந்தார்கள்.

தண்ணீர் ஏற்பாடு போதுமா, போதாதா என்று அப்போது பெரிய விவாதம் நடந்தது. நடக்க வேண்டியதுதான். ஆனால், 11 மணி என்று யார் முடிவு செய்தார்கள், ஏன் முடிவு செய்தார்கள் என்ற கேள்வி அந்தக் கூச்சலில் அமுங்கிப் போய்விட்டது.

"பிற்பகலில் விமான நிகழ்ச்சி நடத்த முடியாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இதே விமானப் படை 2022-ல் சண்டிகரில் சுக்னா ஏரிக்கரையில் நடத்தியது. 2023-ல் பிரயாக்ராஜில் கங்கையும் யமுனையும் கூடும் இடத்தில் நடத்தியது. இரண்டுமே பிற்பகலில்தான் நடந்தன!

அமெரிக்காவில் சிகாகோ நகரில் ஏரிக்கரையில் 1959 முதல் இப்படி ஒரு விழா நடந்து வருகிறது. அதுவும் கிழக்கே பார்த்த கரைதான். ஆகஸ்டு மாதம், பகல் நேரத்திலேயே நடத்துகிறார்கள். "அவர்கள் நடத்தவில்லையா?" என்று கேட்கலாம். அவர்களுடைய கோடைக்காலப் பகல் நம் மார்கழி மாதத்துப் பகல் போன்றது. அவர்கள் கணக்கு நமக்கு ஒத்துவருமா?

மறுத்துச் சொல்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. அக்டோபர் மாதத்தில் சென்னையில் பிற்பகலில் திடீரென்று இடி மழை வரலாம். காலையில் வானம் தெளிவாக இருக்கும். உண்மைதான். மழை வந்தால் நிகழ்ச்சி கெடும், நனைவோம். ஆனால் மழைக்குப் பயந்து ஜனங்களை வெயிலில் நிறுத்துவதா? வேறு ஒரு நாளை மாற்று நாளாக முன்கூட்டியே அறிவித்துவிட்டால் போகிறது.

"3½ மணிக்கு வைத்தாலும் ஜனங்கள் 12 மணிக்கே வந்து உட்காருவார்களே!" என்பது இன்னொரு கேள்வி. சிலர் வருவார்கள். அவர்களுக்காகப் பந்தலும் தண்ணீரும் வேண்டியதுதான். ஆனால் பெரும்பாலோர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். காலை 8 மணிக்கு வந்தவர் தலையில் வெயில் ஏறிக்கொண்டே போகும். பிற்பகல் 2 மணிக்கு வந்தவர் தலையில் இறங்கிக்கொண்டே போகும். கடல் காற்றும் துணைக்கு வரும்.

இன்னொன்று, குடை. வெயில் நேரத்துக் கூட்டத்தில், "குடையைக் கொஞ்சம் மடக்குங்கம்மா, படம் எடுக்கணும்!" என்று பின்னால் இருந்து குரல் வருவது சகஜம். அந்த அம்மா என்ன செய்வார்? குடையை மடக்கினால் அவருக்குத் தலை சுற்றும். விரித்தால் பின்னால் இருப்பவருக்கு விமானம் தெரியாது. மாலை வெயிலில் இந்தச் சண்டை பாதியாகக் குறையும். அதுவரை, தம்பிமார்களே, நீங்கள் நகர்ந்து நின்று எடுங்கள். அந்த அம்மாவை விட்டுவிடுங்கள்.

நல்ல படம்தான் முக்கியம் என்பவர்கள் ஒத்திகைக்குப் போகலாம். மெரினா நிகழ்ச்சிக்கு முந்தின சில நாட்களில் ஒத்திகை நடந்தது. கடற்கரையில் கூட்டம் குறைவு. பக்கத்தில் யாரும் இடிக்கமாட்டார்கள்.

செல்போன் மட்டும் வைத்திருப்பவர்கள் விமானத்தைத் துரத்த வேண்டாம். எவ்வளவு பெரிதாக்கினாலும் ஒரு புள்ளிதான் விழும். விமானம் தலைக்கு மேல் வரும்போது போனைக் கீழே இறக்குங்கள். பக்கத்தில் உங்கள் குழந்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, வாயைப் பிளந்து, மேலே பார்த்துக்கொண்டிருக்கும். அதை எடுங்கள்.

அக்டோபர் முதல் வாரத்தில் சென்னையில் சூரியன் மறைய மாலை 6 மணி ஆகும். 3½ மணிக்கு ஆரம்பித்து 5½ மணிக்கு முடித்தால் வெளிச்சம் இருக்கும்போதே ஜனங்கள் பஸ் ஏறிவிடலாம். அடுத்த முறை மெரினாவில் விமான நிகழ்ச்சி என்று அறிவிப்பு வந்தால், எத்தனை விமானம் வருகிறது என்று பார்ப்பதற்கு முன்னால், எத்தனை மணிக்கு என்று பாருங்கள். 11 மணி என்று போட்டிருந்தால் உடனே ஒரு தபால் அட்டை எழுதிப் போடுங்கள்.