லினக்ஸில் விண்டோஸ்: இலவசமாம், கேட்டீர்களா?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினிகளை என்ன செய்வது? சின்ன ஆடிட்டர் அலுவலகங்களுக்கு ஒரு யோசனை ரெடியாகக் கிடைக்கிறது: "எல்லாவற்றிலும் லினக்ஸ் போடுங்க. டாலியும் எக்செலும் சர்வரில் ஓடட்டும். காசே வேண்டாம்!"

யோசனையின் முதல் பாதி நல்லதுதான். ரிமோட் டெஸ்க்டாப் முறையில் மென்பொருள் ஓடுவது சர்வரில். லினக்ஸ் கணினிக்கு வருவது திரையின் படம். இங்கிருந்து போவது விசைத்தட்டலும் மவுஸ் அசைவும். அதற்குப் பழைய கணினியே தாராளம். விண்டோஸ் சர்வர் 2008-இல் வந்த ரிமோட்ஆப் வசதியும், லினக்ஸ் பக்கம் ஃப்ரீஆர்டிபியும் இருந்தால், முழு டெஸ்க்டாப் வராமல் டாலியின் ஜன்னல் மட்டும் தனியாகத் திறக்கும்.

"காசே வேண்டாம்" என்பதுதான் புளுகு.

பி.காம். முதலாண்டு மாணவன்கூடப் பேரேட்டில் இரண்டு பக்கமும் எழுதுவான். இந்த யோசனைக்காரர்கள் மிச்சத்தை மட்டும் எழுதிவிட்டுச் செலவை மறைக்கிறார்கள். செலவுப் பக்கத்தில் என்ன இருக்கிறது? முதலில் விண்டோஸ் சர்வர் உரிமம். அதை அணுகும் ஒவ்வொரு ஆளுக்கோ ஒவ்வொரு கணினிக்கோ ஒரு 'கேல்' உரிமம். ரிமோட் டெஸ்க்டாப்புக்கு அதற்கு மேல் இன்னொரு கேல். டாலிக்கும் எக்செலுக்கும் அவற்றின் உரிமம் தனி. மேசையில் இருப்பது லினக்ஸ் என்பதற்காக ஒரு ரூபாய் தள்ளுபடி கிடையாது. 120 நாள் சலுகைக் காலத்துக்குள் "பாருங்க, ஓடுது" என்று காட்டிவிட்டு ஆள் போய்விடுவார். அதன் பிறகு இணைப்பு மறுக்கப்படும்போது திட்டு வாங்குவது கணக்கு எழுதும் ஊழியர்.

"சர்வர் எதற்கு, ஒரு விண்டோஸ் ப்ரோ கணினி போதுமே" என்பார்கள். அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்ய முடியும். ஹோம் பதிப்பில் வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழையவே வழியில்லை. கோப்பைத் திருத்திப் பத்துப் பேரை உள்ளே விடும் வித்தைகள் உண்டு. உரிம ஒப்பந்தப்படி அது மீறல். அடுத்தவர் கணக்கைத் தணிக்கை செய்யும் அலுவலகத்துக்கு இது அழகா?

பாதுகாப்பு விஷயம் இன்னும் மோசம். வீட்டிலிருந்தும் வேலை பார்க்கலாமே என்று 3389 போர்ட்டை நேராக இணையத்துக்குத் திறந்துவிடுகிறார்கள். 2019 மே மாதம் வெளியான 'ப்ளூகீப்' ஓட்டை வழியாக நுழையக் கடவுச்சொல்லே தேவைப்படவில்லை. ஆதரவு முடிந்துபோன எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அப்போது திருத்தம் வெளியிட்டது என்றால் ஆபத்தின் அளவைப் புரிந்துகொள்ளலாம். விபிஎன் இல்லாமல் அந்தக் கதவைத் திறப்பவர், வாடிக்கையாளரின் கணக்குப் புத்தகத்தைத் தெருத்திண்ணையில் வைப்பவர்.

சர்வர் வேறொரு ஊரில் வாடகைக்கு இருந்தால் இன்னொரு சிக்கல். மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்பவருக்குக் கடைசி நாள் 20-ஆம் தேதி. தாக்கலுக்கு எப்படியும் இணையம் வேண்டும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஒப்பேற்றலாம். ஆனால் முதல் நாள் இணைப்பு அறுந்தால், உள்ளூரில் டாலி வைத்திருப்பவர் கணக்கையாவது முடித்து வைப்பார். இவர்கள் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அதற்காக ரிமோட்டே வேண்டாம் என்றில்லை நண்பர்களே. எதை மாற்றவே முடியாதோ அதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். கடிதமும் சாதாரணப் பட்டியலும் லிப்ரேஆஃபிஸில் முடியும்போது, அதற்கும் சர்வருக்கு ஏன் ஓட வேண்டும்? இப்படி ஒவ்வொன்றாகக் குறைத்தால் வாங்க வேண்டிய உரிமமும் குறையும். அதுதான் உண்மையான மிச்சம்.

இலவசம் என்று சொல்லிக்கொண்டு வருபவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கேல் எத்தனை, யார் பெயரில்?"