குளிசையும் கோட்பாடும்

உளச்சோர்வு என்பது மூளையிலே செரற்றோனின் என்னும் இரசாயனப் பொருள் குறைவதால் விளைவது. அக்குறையை நிரப்புவதே குளிசையின் பணி. இவ்வாறு கூறுவோர் ஒரு சாரார். உளச்சோர்வு சமூகத்தின் விளைபொருள். போரும் வறுமையும் வேலையின்மையும் தந்த துயரைக் குளிசையால் மூடி மறைப்பது மருந்துக் கம்பனிகளின் சூழ்ச்சி. இவ்வாறு கூறுவோர் மற்றொரு சாரார். முன்னவரின் குரல் விளம்பரங்களில் ஒலிக்கின்றது. பின்னவரின் குரலோ நமது கலைப்பீடங்களிலும் மாணவர் விடுதிகளிலும் ஓங்கி ஒலிக்கின்றது. இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் கடுமையாக எதிர்ப்பினும், இருவரும் ஒரே தருக்கப் பிழையின் மீதே நிற்கின்றனர் என்பதும், அப்பிழையின் விலையை நோயாளரே செலுத்துகின்றனர் என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

அப்பிழை யாது? ஒரு மருந்து பயன் தருகின்றதா என்பது ஒரு வினா. அது எவ்வாறு பயன் தருகின்றது என்பது வேறொரு வினா. முன்னதற்குப் பரிசோதனை விடை கூறும். பின்னதற்குக் கோட்பாடு விடை கூறும். ஒன்றன் விடையை மற்றொன்றன் விடையாகக் கொள்ளல் ஆகாது. சிங்கோனா மரப்பட்டை 17ஆம் நூற்றாண்டு முதலே ஐரோப்பாவிற் காய்ச்சலைத் தணித்து வந்தது. அக்காய்ச்சலுக்குக் கெட்ட காற்றே காரணம் என மக்கள் நம்பினர். மலேரியா என்னும் பெயருக்கே பொருள் அதுதான். 1880இல் லவரான் என்னும் பிரெஞ்சு மருத்துவர் நோயாளியின் குருதியில் ஒட்டுண்ணியைக் கண்டார். கெட்ட காற்றுக் கோட்பாடு வீழ்ந்தது, கொயினா வீழவில்லை.

உளச்சோர்வு மருந்துகளின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. ஐப்ரோனியாசிட் சயரோகத்திற்கென ஆக்கப்பட்ட மருந்து. 1950களின் தொடக்கத்தில் நியூயோர்க்கில் அதனை உட்கொண்ட சயரோகிகள் சிலரிடம் எதிர்பாராத உற்சாகம் காணப்பட்டது. இமிப்பிரமின் உளச்சிதைவு நோய்க்கெனப் பரிசோதிக்கப்பட்டது. அந்நோய்க்கு அது உதவவில்லை. ஆனால் உளச்சோர்வைத் தணிப்பதை ரோலண்ட் கூன் என்னும் சுவிற்சலாந்து மருத்துவர் அவதானித்து 1957இல் வெளியிட்டார். எனவே, இவை எக்கோட்பாட்டிலிருந்தும் பிறந்தவையல்ல. மருந்துகள் முந்தின, கோட்பாடு பிந்தியது. ஐப்ரோனியாசிட் மொனோவமைன்களைச் சிதைக்கும் நொதியத்தைத் தடுக்கின்றது. இமிப்பிரமின் அவற்றை நரம்புக் கலம் மீள உறிஞ்சுவதைத் தடுக்கின்றது. இவ்விரண்டும் நரம்புக் கலங்களிடையே மொனோவமைன்களைப் பெருக்குகின்றன. ஆகவே அவற்றின் குறைவே நோய்க்குக் காரணமாகலாம் என ஊகிக்கப்பட்டது. 1965இல் நோரட்ரினலினை முன்னிறுத்தி இவ்வூகத்தை விரித்துரைத்த ஜோசப் சில்ட்கிறவுட் என்பவரே, அது ஓர் எளிமையாக்கம் என்பதை ஒப்புக்கொண்டிருந்தார்.

அறிஞர் தயக்கத்துடன் கூறியதை வணிகர் தயக்கமின்றி விற்றனர். 1987இன் இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புளூஒக்செற்றின், புரொசாக் என்னும் வணிகப் பெயருடன் சந்தைக்கு வந்தது. அதன் பின்னர் 'இரசாயனச் சமநிலைக் குலைவு' என்னும் தொடர் வீட்டுக்கு வீடு பரவிற்று. ஆனால், அக்கோட்பாட்டை ஐயுறுவதற்கான காரணம் தொடக்கத்திலேயே கண்முன் இருந்தது. குளிசை மீள் உறிஞ்சலைத் தடுப்பது சில மணித்தியாலங்களில் நிகழ்ந்துவிடுகின்றது. நோயாளி தெளிவு பெறுவதற்கோ வாரங்கள் செல்கின்றன. குறையை நிரப்புவதே சிகிச்சை எனின் இத்தாமதம் ஏன்? 2022இல் யோவன்னா மொன்கிறீவும் பிறரும் பல்லாண்டு ஆய்வுகளை ஒருங்கே நோக்கி, உளச்சோர்வுக்குச் செரற்றோனின் குறைவே காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என முடிவு கூறினர்.

இவ்விடத்தில்தான் இரண்டாம் சாரார் வெற்றி முழக்கம் செய்கின்றனர்: கோட்பாடு பொய்த்தது, எனவே குளிசையும் பொய்! இஃது எவ்வாறு பொருந்தும்? குளிசை குணப்படுத்துவதால் குறைபாடு உண்டு என்று முன்னவர் வாதித்தனர். குறைபாடு இல்லை என்பதால் குளிசை குணப்படுத்தாது என்று பின்னவர் வாதிக்கின்றனர். ஒரே கயிற்றின் இரு முனைகளே இவை. குளிசையின் பயனை அறியப் பரிசோதனைகளையே நாடுதல் வேண்டும். 2018இல் சிப்பிரியானியும் பிறரும் 522 பரிசோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். அவற்றிற் பங்குபற்றியோர் 116,477 பேர். ஆராயப்பட்ட 21 மருந்துகளும் போலிக் குளிசையிலும் மேம்பட்டவை எனக் கண்டனர். எனினும் அம்மேம்பாடு பெரும்பாலும் மிதமானதே.

இந்த மிதமான உண்மையைக் கம்பனிகள் விரும்பவில்லை என்பதையும் மறைத்தலாகாது. அமெரிக்க அரசிடம் பதிவான 74 பரிசோதனைகளை ரேணரும் பிறரும் 2008இல் ஆராய்ந்தனர். அவற்றுள் ஏறத்தாழப் பாதியே மருந்துக்குச் சாதகமானவை. ஆயினும் சஞ்சிகைகளில் வெளியானவற்றை மட்டும் வாசிப்போருக்கு 94 வீதமானவை சாதகமாகத் தோன்றின. பாதகமான முடிவுகளிற் பல வெளியிடப்படவேயில்லை. சில சாதகமானவைபோலத் திரித்து எழுதப்பட்டன. இது கண்டனத்திற்குரியது. ஆனால் இம்மோசடியை வெளிக்கொணர்ந்ததும் எண்களைக் கொண்டு செய்த ஆய்வேயன்றி, மருந்தை ஒட்டுமொத்தமாக வெறுக்கும் மனப்பாங்கன்று.

கம்பனிகளின் சூழ்ச்சியே யாவும் என்போர் இலிதியத்தின் கதையை அறிதல் நன்று. 1949இல் அவுஸ்திரேலிய மருத்துவர் ஜோன் கேட், பித்தெழுச்சியுற்ற பத்து நோயாளருக்கு இலிதிய உப்பைக் கொடுத்துக் கண்ட மாற்றத்தை வெளியிட்டார். அந்நோயாளரின் சிறுநீரில் ஒரு நஞ்சு உண்டென்பது அவரது கருதுகோள், அது தவறானது. மருந்தோ நிலைத்தது. டென்மார்க்கில் மோகன்ஸ் ஸ்கூ 1954இல் முறையான பரிசோதனையால் அதன் பயனை நிறுவினார்; பின்னர் இருமுனை நோய் மீளாது தடுக்கவும் அது உதவுவது காட்டப்பட்டது. ஆயினும் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது 1970இலேதான். இத்தாமதத்திற்கு இரு காரணங்கள் கூறலாம். இதய நோயாளருக்குக் கறியுப்புக்குப் பதிலாக விற்கப்பட்ட இலிதியம் 1949இல் அங்கே உயிர்களைக் குடித்தமை ஒன்று. இயற்கையில் மண்ணிலும் நீரிலும் கிடைக்கும் அவ்வுப்புக்கு எவரும் காப்புரிமை கோர முடியாமை மற்றொன்று. மனநிலையைச் சீராக்கும் மருந்துகளுள் தலைசிறந்ததெனக் கருதப்படுவதை விளம்பரப்படுத்தக் கம்பனிக்கு ஆசையில்லை! இலாபத்தின் தீமை தேவையற்ற மருந்தைத் திணிப்பதில் மட்டுமன்று, தேவையான மலிவு மருந்தைப் புறக்கணிப்பதிலும் உள்ளது.

உளச்சோர்வின் வேர் சமூகத்தில் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. இலண்டனின் தொழிலாளர் குடும்பப் பெண்களிடையே அந்நோய் மிகுதி என்பதை பிறவுணும் ஹரிசும் 1978இலேயே தம் நூலில் நிறுவினர். ஆயினும் காரணம் சமூகத்தது என்பதால் மருந்து வேண்டாம் என்பது முறையா? வயிற்றோட்டத்திற்குக் காரணம் அசுத்த நீர்; நல்ல நீருக்காகப் போராடுதல் நம் கடன். அப்போராட்டம் வெல்லும்வரை குழந்தைக்கு ஜீவனி கொடுக்கவேண்டாம் எனக் கூறும் புரட்சியாளன் எவனும் உளனோ?

இவர்கள் பேராசிரியர் சேனக பிபிலேயைத் துணைக்கழைப்பதும் உண்டு. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதற் தலைவராகி, வணிகப் பெயர்களின் ஆதிக்கத்தை எதிர்த்து நின்றவர் அவர். ஆனால் அவர் ஒரு மருந்தியலாளர். தேவையான மருந்து குறைந்த விலையில் ஏழைக்கும் கிட்டவேண்டும் என்பதே அவர் போராட்டம். மருந்தையே மறுப்பதற்கு அவர் பெயரைப் பயன்படுத்துதல் அவருக்கு இழைக்கும் அநீதியாகும்.

இவ்வாதம் வெறும் ஏட்டுச் சுரைக்காயன்று. இலிதியத்தைத் திடீரென நிறுத்துவோர் பலருக்குச் சில மாதங்களுக்குள் நோய் மீள்கின்றது. ஏனைய உளச்சோர்வுக் குளிசைகளையும் சடுதியாக நிறுத்தின் தலைச்சுற்று, உறக்கமின்மை, பதற்றம் முதலியன தோன்றலாம். 'இந்தக் குளிசையெல்லாம் கம்பனிக்காரனின் பொய்; வீசிவிடு' என விடுதியறையில் நண்பனுக்குக் கூறும் அறிவுரை, அவன் உயிரோடு விளையாடும் அறிவுரையாகும். மறுபுறத்தே, இருபத்தைந்து வயதுக்குட்பட்டோரிடம் சிகிச்சையின் தொடக்கத்தில் தற்கொலை எண்ணம் அதிகரிக்கக்கூடும் என்பதனால் அமெரிக்க அரசு இம்மருந்துகளுக்குக் கடும் எச்சரிக்கை விதித்துள்ளது. அதனைக் கூறாது குளிசையை மட்டும் கையில் திணிப்பதும் குற்றமே.

ஆகவே நாம் கோரவேண்டியவை தெளிவானவை. மருத்துவர் நோயாளியிடம் உண்மையைக் கூறவேண்டும்: 'இம்மருந்து பலருக்கு உதவுகின்றது, அனைவருக்குமன்று, எவ்வாறு உதவுகின்றது என்பது முற்றாகத் தெளிவாகவில்லை, தீய விளைவுகள் இன்னவை, நிறுத்துவதாயின் படிப்படியாக நிறுத்துவோம்.' இதனைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் ஆற்றல் நம் மக்களுக்கு உண்டு. பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே இலிதியத்தில் இடைவெளி மிகச் சிறிது. சிறுநீரகத்தையும் தைரொயிட்டுச் சுரப்பியையும் அது பாதிக்கவும் கூடும். எனவே அது கொடுக்கப்படும் இடமெங்கும் குருதிப் பரிசோதனைக்கு வசதி வேண்டும். பரிசோதனை முடிவுகள் யாவும், சாதகமாயினும் பாதகமாயினும், வெளியிடப்படவேண்டும்.

கோட்பாடுகளை ஐயுறுதல் கலைப்பீட மாணவரின் கடமை. அவ்வையத்தை நம் சொந்தக் கோட்பாடுகள்மீதும் செலுத்துவோமாக. குளிசையை வழிபடவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். அதனை எண்ணிப் பார்ப்போம், அளந்து பார்ப்போம், யாருக்கு உதவுகின்றதோ அவருக்குக் கிடைக்கச் செய்வோம்.