நிரலுக்குத் தமிழ் தடையா?

‘நுண்கட்டுப்படுத்தியைத் தமிழில் கற்பிக்க இயலாது; அதற்கு ஆங்கிலமே வழி’ என்னும் கூற்று இன்று நம் ஆசிரியர் அறைகளிலேயே ஒலிக்கிறது. 2003ஆம் ஆண்டு இந்நாட்டில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டபோது சொல்லப்பட்டதும் இதுவே. 2016இல் இருமொழித் திட்டம் வந்தபோது சொல்லப்பட்டதும் இதுவே. கருவி மாறியிருக்கிறது, சாக்கு மாறவில்லை.

சுற்றுப்பலகையையே சான்றுக்கு அழைப்போம். 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் மாணவர்க்கென உருவானது ஆர்டுயினோ. அவ்வரிசையைச் சேர்ந்த ‘ஊனோ’ பலகையின் முனை 5 வோல்ட்டு தரும். அதில் இணைக்கும் சிவப்பு எல்.இ.டி. விளக்கு ஏறத்தாழ 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். எஞ்சிய 3 வோல்ட்டை ஒரு மின்தடை தாங்க வேண்டும். 220 ஓம் மின்தடையை இட்டால் ஏறத்தாழ 14 மில்லி ஆம்பியர் பாயும்; இடாவிட்டால் விளக்கோ பலகையின் முனையோ பழுதாகலாம். இதில் ஓமின் விதியன்றி வேறென்ன உண்டு? அவ்விதி தமிழ் அறியாததா?

நிரலுக்கு வருவோம். ‘விளக்கை ஏற்று, ஒரு நொடி காத்திரு, விளக்கை அணை, ஒரு நொடி காத்திரு, மீண்டும் தொடங்கு.’ மாணவர் இதனை முதலில் தமிழில் எழுதட்டும். கணினி ஏற்கும் ஆணைச்சொற்கள் ஆங்கிலத்தில் உள்ளன என்பது மெய்யே. அச்சொற்கள் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். ஆணைகளின் ஒழுங்கோ சிந்தனையில் பிறப்பது. ஒருமுறை அழுத்திய பொத்தானின் உலோகத் தகடுகள் சில மில்லி நொடிகள் துள்ளும். பலகை அதனைப் பலமுறை அழுத்தியதாக எண்ணிவிடும். விளக்கு ஏன் தாறுமாறாக எரிகிறது என்று தேடும் சிறுமி எம்மொழியில் சிந்திப்பாள்? தாயிடம் பேசும் மொழியில் அல்லவா?

மெய்யான கேடு வேறிடத்தில் இருக்கிறது. பொருத்தி முடித்த பலகையில் ஆயத்த நிரலை ஏற்றி, கண்காட்சியில் வைத்துப் பரிசு பெறும் வழக்கம் அது. விளக்கு எரியும், எரிவதன் காரணம் பிள்ளைக்குத் தெரியாது. எந்த மொழியில் நடத்தினாலும் அது கல்வியாகாது.

ஆசிரியப் பெருமக்களே! பிள்ளை தன் கையால் கம்பியை இணைக்கட்டும், மின்தடையைக் கணக்கிடட்டும், பிழையைத் தேடிக் கண்டு, எழுந்து நின்று தமிழில் விளக்கட்டும். அவ்விளக்கத்திற்கே முதல் மதிப்பெண் தருவோம். புதிய துறை ஒவ்வொன்றையும் பிறமொழிக்கு விட்டுக்கொடுத்தால், தமிழுக்கு மிஞ்சுவது விழா மேடையின் வாழ்த்துரை மட்டுமே.