நட்ட கன்றும் பிழைத்த கன்றும்

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருதுக் கரைகளைச் சூறையாடிய பின்னர், கிழக்குக் கரையின் பல இடங்களில் சவுக்குக் கன்றுகள் நடப்பட்டன. நோக்கம் நல்லதே. ஆனால் நட்ட கன்றுகளை எண்ணுவோர் பலர். அடுத்த கோடையின் முடிவில் பிழைத்தவற்றை எண்ணுவோர் சிலரே.

மலைநாட்டுப் பைன் மரத்தைப் போல் ஊசி ஊசியாகத் தெரிந்தாலும் சவுக்கு வேறு இனம். வளர்ந்தபின் வரட்சியையும் உப்புக் காற்றையும் தாங்கும், முதலாண்டில் தாங்காது. நமக்கு மழை பெரும்பாலும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையே. ஆகவே முதல் மாரி மழை மண்ணை நன்கு நனைத்ததும் நட வேண்டும். ஜனவரிக் கடைசியில் நட்டால், வேர் ஆழம் போகுமுன் கச்சான் காற்று வந்துவிடும்.

நெடிது மெலிந்த கன்றை விட்டு, தண்டு தடித்த குட்டைக் கன்றைத் தெரிவோம். பொலித்தீன் பையை முற்றாக அகற்றி, குழியில் மக்கிய எருவிட்டு, கன்றைச் சுற்றித் தென்னந்தும்பும் சருகும் பரப்புவோம். மேற்குப் பக்கம் கிடுகு சாத்தினால் வெயில் தணியும். நாள்தோறும் தெளிப்பதிலும் பார்க்க, கிழமைக்கு இருமுறை ஆழ நனையும்படி ஊற்றுவது நன்று. ஆடுமாடு புகாமல் வேலியும் வேண்டும்.

இத்தனையும் செய்ய ஆள் வேண்டும். விறகும் கம்பும் யாருக்கு என்று சொல்லாமல், இடம்பெயர்ந்து வந்த குடும்பத்தைத் தண்ணீர் சுமக்கச் சொல்வது நியாயமல்ல. கன்று கொடுப்போர் முதற் கோடைக்கான கூலியையும் மரத்தில் பங்கையும் எழுத்தில் தர வேண்டும். அதை நாம் ஒன்றாகக் கேட்போம். ஆயிரம் நட்டு நூறு பிழைப்பதிலும் பார்க்க, இருநூறு நட்டு அத்தனையையும் காப்பதே மேல்.