பதிப்பாளர் யார்? அச்சிடுவோர் யார்?

எழுதியது நூலாகிக் கையில் தவழும் நாள், எழுத்தாளன் வாழ்வில் ஒரு பெருநாளாகும். அந்நாளைக் காண விழையும் மாணவச் செல்வங்கள் நம் வகுப்பறைகளில் பலர் உளர். எழுதும் கலையைப் பாடமாகப் பயிலும் இவர்கள், எழுதியது நூலாகும் வழியையும் அறிந்திருத்தல் வேண்டும் என்பது நம் கருத்து.

நூலுக்குப் பொருள் தருபவர் யார் என்னும் வினா பழமையானது. உமறுப் புலவரின் சீறாப்புராணம் அபுல் காசிம் மரைக்காயரின் ஆதரவில் அரங்கேறியது. 1887-இல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, முன்கூட்டியே கையொப்பமிட்டுப் பொருளுதவிய அன்பர்கள் துணை நின்றனர். அன்று வள்ளல்கள் சுமந்த பொறுப்பை இன்று சுமக்க வேண்டியவர் பதிப்பாளர் ஆவார்.

முறையான பதிப்பகம் கைப்படியைப் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும், செப்பனிடும், மெய்ப்புத் திருத்தும், தாளும் அட்டையும் அச்சும் தன் செலவில் முடித்து, விற்பனைக்கு அனுப்பும். விற்றால் ஆதாயமும் விற்காவிடில் இழப்பும் அதனுடையவை. ஆசிரியர்க்கு உரிமைத்தொகையாக விலையில் நூற்றுக்குப் பத்து அளிப்பது பரவலான வழக்கம். 200 ரூபாய் விலையுள்ள நூல் 500 படிகள் விற்றால் ஆசிரியர் பெறுவது 10,000 ரூபாய். இத்தொகை மிகச் சிறிது என மனம் வாடலாம். ஆயினும் கடைக்காரர் கழிவும் அச்சுச் செலவும் போக, பதிப்பாளர்க்கு எஞ்சுவதும் பெரிதன்று. நூலக ஆணை கிடைத்தால்தான் முதலீடு திரும்பும் என்னும் நிலையில் உள்ள பதிப்பகங்கள் பல. புதியவர் நூலை ஏற்க அவை தயங்குவதன் காரணம் இதுவே. அதனைப் பகைமையாகக் கொள்ளலாகாது.

ஆனால், இத்தயக்கத்தைப் பயன்படுத்திக்கொள்வோரும் உளர். "அச்சுச் செலவை நீங்கள் தாருங்கள்", "முந்நூறு படிகளை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்" என்பர். இழப்பு முழுவதையும் ஆசிரியர் தலையில் ஏற்றிவிட்டு, உரிமையை மட்டும் தம்மிடம் வைத்துக்கொள்பவர் எங்ஙனம் பதிப்பாளர் ஆவார்? அவர் அச்சிடுவோரே. அச்சிடுவோர்க்குக் கூலி உண்டு, உரிமை இல்லை.

தம் பொருளில் தாமே நூல் வெளியிடுவது இழுக்கன்று. தோப்பில் முகமது மீரான் 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை' நாவலை 1988-இல் தம் பொறுப்பிலேயே நூலாக்கினார். அவரே 1997-இல் 'சாய்வு நாற்காலி'க்காகச் சாகித்திய அக்காதெமி விருது பெற்றார். தம் பொருளை இட்டவர் தம் உரிமையையும் தம்மிடமே வைத்திருந்தால் அது நேர்மையான முயற்சி. பொருளையும் தந்து, உரிமையையும் இழப்பதே ஏமாற்றம்.

சட்டம் ஆசிரியர் பக்கம் நிற்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, உரிமை மாற்றம் எழுத்து வடிவில், உரிமையாளர் கையொப்பத்துடன் அமைதல் வேண்டும், வாய்ச்சொல் செல்லாது. எத்தனை ஆண்டுகளுக்கு என்று குறிக்காவிடில், ஐந்தாண்டுகள் என்றே கொள்ளப்படும். உரிமை பெற்றவர் ஓராண்டுக்குள் அதனைப் பயன்படுத்தாவிடில், ஒப்பந்தத்தில் வேறு விதி இல்லாதவரை அது காலாவதியாகும். பதிப்புரிமையோ ஆசிரியர் வாழ்நாளும், அவர் மறைவுக்குப்பின் அறுபது ஆண்டுகளும் நிலைப்பது. பேரப்பிள்ளைகளுக்கும் உரிய சொத்தை, "நம்மவர்தானே, எழுத்து எதற்கு?" என்னும் ஒரு சொல்லில் விட்டுவிடலாமா? உறவும் நட்பும் நீடிக்க வேண்டுமெனில் கணக்கு எழுத்தில் இருத்தல் நன்று.

ஆதலின், இளையோர்க்கு நாம் கூறுவன மூன்று. கைப்படியின் ஒரு படியைத் தம்மிடம் வைத்துக்கொள்க. கையொப்பமிடுமுன் ஒப்பந்தத்தை ஆசிரியர் ஒருவரிடமேனும் காட்டுக. காலம், படிகளின் எண்ணிக்கை, உரிமைத்தொகை, கணக்குத் தரும் நாள் ஆகிய நான்கும் அதில் உளவா எனப் பார்க்க.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. வெளியீட்டு விழாவில் பொன்னாடை போர்த்தி, அன்பளிப்புப் படி பெற்றுச் செல்வது மட்டும் ஆதரவு ஆகாது. விலை கொடுத்து ஒரு படி வாங்குவதே புதிய எழுத்தாளர்க்கு நாம் செய்யும் உண்மையான சிறப்பு. வாங்குவோர் பெருகின் பதிப்பாளரின் தயக்கம் குறையும். பதிப்பாளர் துணிந்தால், அச்சுக்கூலி கேட்போரின் வாயிலில் நம் பிள்ளைகள் நிற்க வேண்டிய நிலை ஒழியும்.