செத்த மரங்கள் நிற்கட்டும்

ஜெர்மனியின் ஹார்ஸ் மலைக்குப் போய்வரும் நண்பர்கள் அங்கலாய்க்கிறார்கள்: "காடே செத்துப்போச்சு, வெட்டி எடுக்காம இவங்க என்ன பண்றாங்க?" கோட்டிங்கனில் குடியிருக்கும் எனக்கு அது பக்கத்து மலை. ஷீர்க்கே கிராமத்திலிருந்து 1,141 மீட்டர் உயர பிராக்கன் சிகரத்துக்கு ஏறும் வழியெங்கும் ஸ்ப்ரூஸ் மரங்கள் பட்டை உதிர்ந்து, சாம்பல் பூத்து நிற்கின்றன. பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது. ஆனாலும் வெட்டக்கூடாது என்பதே என் கட்சி.

விழுந்து கிடக்கும் மரத்தின் பட்டையைப் பெயர்த்துப் பாருங்கள். நடுவில் நேராக ஒரு தடம். அதிலிருந்து இருபுறமும் சீப்புப் பல்லாகக் கிளைத்தடங்கள், போகப்போக அகலமாகின்றன. நடுத்தடம் தாய்வண்டு குடைந்தது, கிளைகள் அதன் புழுக்கள் தின்று வளர்ந்த வழி. வண்டு அரை சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். தெம்புள்ள மரம் பிசினைச் சுரந்தே அதை மடக்கிவிடும். 2018 முதல் அடுத்தடுத்து மழை பொய்த்த கோடைகளில் மரத்துக்கு அந்தத் தெம்பு இல்லை.

பழியை வண்டின் மேல் மட்டும் போட எனக்கு மனமில்லை. ஸ்ப்ரூஸுக்கு இயல்பான இடம் சிகரத்தை ஒட்டிய குளிர்ப்பகுதி. கீழ்ச்சரிவுகள் பீச் மரத்துக்கு உரியவை. சுரங்கத்துக்கு முட்டுமரம், உலைக்குக் கரி என்று நூற்றாண்டுகளாக அவற்றை மொட்டையடித்துவிட்டு, நேராகச் சீக்கிரம் வளரும் என்பதற்காக ஸ்ப்ரூஸை வரிசை வரிசையாக நட்டார்கள். இரண்டாம் உலகப் போர் இழப்பீட்டுக்காக வெட்டிய இடங்களிலும் அதையே நட்டார்கள்.

வெட்டினால் வண்டு ஒழியும் என்கிறார்கள். பட்டை காய்ந்த மரத்தில் வண்டு தங்காது. ஈரமுள்ள மரம் தேடி எப்போதோ பறந்துபோயிருக்கும். கனரக இயந்திரத்தை ஏற்றினால் மண் இறுகுவதும், பறவை எச்சத்தில் விழுந்து முளைத்த ரோவன் கன்றுகள் நசுங்குவதும்தான் மிச்சம். தாறுமாறாகச் சாய்ந்த மரங்களுக்கு நடுவே மான் எளிதில் நுழைந்து மேய முடியாததால், அங்கேதான் கன்றுகள் தழைக்கின்றன.

தீ பயத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. 2022 செப்டம்பரில் பிராக்கன் அருகே பற்றிய தீயை அணைக்க இத்தாலியிலிருந்து விமானங்கள் வரவேண்டியிருந்தது. ஊரோரம், நடைபாதையோரம், நீராவி ரயில் பாதையோரம் தாராளமாக வெட்டட்டும். தேசியப் பூங்காவின் உட்பகுதியைத் தொடவேண்டாம். அங்கே பூங்காக்காரர்கள் பீச் கன்றுகளை நட்டு வருகிறார்கள். வெட்டவெளியின் வெயிலும் பின்பனியும் இளம் பீச்சுக்கு ஆகாது. இப்போதைக்கு அவற்றுக்கு நிழல் தர இந்தச் செத்த மரங்களை விட்டால் வேறு மரம் அங்கே அதிகம் இல்லை.