முதலில் பயிற்றுநரை அனுப்புங்கள்

தமிழ்நாட்டின் 71 அரசு ஐ.டி.ஐ.க்கள், டாட்டா டெக்னாலஜீஸ் நிறுவனத்தின் கூட்டுடன் ஏறத்தாழ ரூ.2,877 கோடி செலவில் தரம் உயர்த்தப்பட்டுள்ளன. பழைய லேத்துகள் இருந்த பட்டறைகளில் இன்று ரோபோ கைகளும் சிஎன்சி இயந்திரங்களும் முப்பரிமாண அச்சு இயந்திரங்களும் நிற்கின்றன. மாநில அரசு பெருமைப்படத்தக்க முதலீடு இது. ஆனால், இயந்திரத்தை இயக்கத் தெரிவது வேறு. உற்பத்தி வரிசையில் அது ஏன் நிற்கிறது, எப்போது பழுதாகும், ஒரு ஷிப்டில் எத்தனை நல்ல உருப்படி தர வேண்டும் என்று அறிந்திருப்பது வேறு. இரண்டாவதைக் கையேடு சொல்லித் தராது. அந்த இயந்திரங்களோடு தொழிற்சாலையில் புழங்கியவர்தான் சொல்லித்தர முடியும். ஆகவே, இயந்திரத்துக்குச் செலவழித்த அரசு, அடுத்த செலவை அதன் பக்கத்தில் நின்று பாடம் நடத்தும் பயிற்றுநரை வெளிநாட்டில் பயில அனுப்புவதற்குச் செய்ய வேண்டும்.

வெளிநாட்டுப் பயிற்சி தமிழகத்துக்குப் புதிதல்ல. ‘நான் முதல்வன்’ திட்டத்தின்கீழ் கல்லூரி மாணவர்கள் சிலர் 2024-இல் பிரிட்டனின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்குச் சென்று வந்தார்கள். அதே ஆண்டு ‘கனவு ஆசிரியர்’களாகத் தேர்வான பள்ளி ஆசிரியர்கள் பாரிஸ் சென்றார்கள். இரண்டும் நல்ல முன்மாதிரிகள். ஐ.டி.ஐ. பயிற்றுநருக்கும் பாலிடெக்னிக் விரிவுரையாளருக்கும் அவர்களுடைய மாணவர்களுக்கும் இதே மதிப்புடன், ஆண்டுதோறும் நடக்கும் நிரந்தரத் திட்டம் வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு.

ஐரோப்பா இதை முப்பது ஆண்டுகளாகச் செய்துவருகிறது. பல்கலைக்கழக மாணவர்களுக்காக 1987-இல் எராஸ்மஸ் திட்டம் பிறந்தது; தொழிற்கல்வி மாணவர்களுக்காக 1995-இல் லியோனார்டோ டா வின்சி திட்டம் வந்தது. இன்று இரண்டும் எராஸ்மஸ் பிளஸ் என்ற ஒரே குடையின்கீழ் உள்ளன. தச்சு, சமையல், வெல்டிங் பயிலும் மாணவர் 10 நாள் முதல் 89 நாள் வரை வேறொரு நாட்டின் தொழிற்கூடத்தில் பயிலலாம். நீண்ட பயிற்சி என்றால் ஓராண்டு வரை. ஆசிரியரோ 2 முதல் 60 நாள் வரை வேறு நாட்டில் தன் துறையினருடன் இருந்து வேலையைக் கவனித்துவரலாம். புறப்படும் முன்பே எதைக் கற்க வேண்டும் என்று மாணவரும் இரு நிறுவனங்களும் எழுத்தில் ஒப்புக்கொள்கிறார்கள். கற்றது திரும்பியபின் சான்றிதழில் ஏறுகிறது. சுற்றுலாவையும் பயிற்சியையும் பிரித்துக்காட்டுவது இந்த ஒப்பந்தம்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறிய பிரிட்டன், 2021-இல் டூரிங் திட்டம் என்று தனியே ஒன்றைத் தொடங்கியது. அது மாணவர்களுக்குப் பணம் தந்தது. ஆசிரியர்கள் தாமே சென்று பயில்வதற்குத் தரவில்லை. வேல்ஸ் அரசு அந்தக் குறையை உணர்ந்து, ஆசிரியர்களையும் சேர்த்துத் தைத் என்ற சொந்தத் திட்டத்தை 2022-இல் கொண்டுவந்தது. நாம் வேல்ஸின் வழியைப் பின்பற்ற வேண்டும். கணக்கு எளிது. மாணவர் ஒருவர் சென்றுவந்தால் ஒருவர் வாழ்க்கை மாறும். பயிற்றுநர் ஒருவர் சென்றுவந்தால், ஆண்டுக்கு 20 பேர் என்றாலும் பத்தாண்டில் 200 பேருக்கு அந்த அனுபவம் போய்ச்சேரும்.

சிங்கப்பூரின் அனுபவமும் இதையே சொல்கிறது. கைத்தொழில் திறன் போதாமல் தவித்த அந்த நாடு, 1972-இல் பயிற்சி மையம் தொடங்கக் கைகோத்தது நம் டாட்டா நிறுவனத்துடன். பிறகு ஜெர்மனியின் ரோலையும் நெதர்லாந்தின் பிலிப்ஸும் வந்தன. அடுத்து ஜப்பான், ஜெர்மனி, பிரான்ஸ் அரசுகளுடன் கூட்டுப் பயிற்சி நிலையங்கள் எழுந்தன. அந்நாட்டு வல்லுநர்கள் சிங்கப்பூர் வந்து கற்பித்தார்கள். சிங்கப்பூர்ப் பயிற்றுநர்கள் அங்கே போய்க் கற்றார்கள். விளைவு என்ன? 2013-இல் டெல்லி அரசு உலகத்தரத் திறன் மையம் தொடங்கியபோது, உதவி கேட்டுச் சென்றது அதே சிங்கப்பூரின் தொழில்நுட்பக் கல்விக் கழகத்திடம். ஒரு காலத்தில் நம் நிறுவனத்திடம் கற்ற நாடு நமக்கு ஆசானாகிவிட்டது.

எச்சரிக்கைக்கும் உதாரணம் உண்டு. தொழில்நுட்பத்தை வளரும் நாடுகளுக்குக் கொண்டுசேர்ப்பதாகச் சொல்லி ஜப்பான் 1993-இல் பயிற்சித் தொழிலாளர் திட்டம் ஒன்றை ஏற்படுத்தியது. 2017-இல் இந்தியாவும் அதில் இணைந்தது. பெயரில் பயிற்சி இருந்தது. நடைமுறையில் ஆள்பற்றாக்குறையைச் சமாளிக்கும் வழியாகவே அது பெரிதும் பயன்பட்டது. முதலாளியை மாற்ற முடியாமலும், ஏஜென்டுக்குக் கட்டிய பணத்தின் கடனில் மூழ்கியும் பல நாட்டு இளைஞர்கள் அவதிப்பட்டார்கள். கடைசியில் ஜப்பானே அதைக் கைவிட முடிவுசெய்து, மாற்றுத் திட்டத்துக்கு 2024-இல் சட்டம் இயற்றியது. வேலைக்கு ஆள் அனுப்புவதும் கற்க அனுப்புவதும் ஒரே கோப்பில் இருக்கக் கூடாது என்பதே இதன் பாடம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. கற்றல் பயணத்தை வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையே தனிப்பிரிவு வைத்து நடத்த வேண்டும்.

எதிர்க்கேள்விகள் எழும். பயிற்றுநர் பணியிடங்கள் காலியாகக் கிடக்கும்போது இருப்பவரையும் அனுப்பினால் யார் பாடம் நடத்துவது? நியாயமான கேள்வி. காலியிடங்களை நிரப்புவது எப்படியும் அரசின் கடமை; அதுவரை, தேர்வு முடிந்து புதிய சேர்க்கை தொடங்கும் இடைவெளியில் நான்கு வாரப் பயணங்களை அமைக்கலாம். இது உல்லாசப் பயணமாகிவிடாதா? திரும்பியவர் தன் மண்டலத்தின் பிற பயிற்றுநர்களுக்கு வகுப்பு எடுத்தாக வேண்டும் என்ற நிபந்தனை அதைத் தடுக்கும். வெல்டிங் ராடுக்கே தட்டுப்பாடு இருக்கையில் விமான டிக்கெட் எதற்கு என்றும் கேட்பார்கள். ராடுக்கான பணத்தை வெட்டி டிக்கெட் வாங்கச் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான கோடிக்கு வாங்கிய இயந்திரம் தூசி படியாமல் இருக்கவே இந்தச் சிறு செலவு.

வழியும் அருகிலேயே இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் டெய்ம்லர் என்று கொரிய, ஜெர்மானிய நிறுவனங்கள் சென்னையைச் சுற்றியே இயங்குகின்றன. நிலமும் சலுகையும் பெறும் நிறுவனங்களிடம், தாய்நாட்டு ஆலையில் ஆண்டுக்குச் சில பயிற்றுநர்களுக்கும் மாணவர்களுக்கும் இடம் கேட்பதில் தவறில்லை. அங்கிருந்து மூத்த தொழிலாளர்கள் இங்கே வந்து நம் பட்டறைகளில் சில வாரம் கற்பிக்கவும் வேண்டும்.

மாணவரை அனுப்பும்போது சில விதிகள் கட்டாயம். பாஸ்போர்ட், விசா, காப்பீடு, மொழிப் பயிற்சி எதற்கும் மாணவரிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. இடைத்தரகருக்கு இடமில்லை. உடன் பயிற்றுநர் ஒருவர் செல்ல வேண்டும். 2023-இல் வெளியான தேசிய கிரெடிட் கட்டமைப்பு தொழிற்கல்வியையும் உள்ளடக்கியது. எனவே, வெளிநாட்டில் கற்ற நாட்களை அதன்படி கணக்கில் சேர்க்க வேண்டும். மாணவியருக்கும் மாவட்டத் தலைநகரங்களுக்கு வெளியே உள்ள நிலையங்களுக்கும் தனி ஒதுக்கீடு தேவை.

தரம் உயர்த்தப்பட்ட 71 நிலையங்களிலிருந்தும் தலா ஒரு பயிற்றுநர் என்று முதல் ஆண்டில் தொடங்கலாம். மாணவர் பயணம் இரண்டாம் ஆண்டில் சேரட்டும். அடுத்த நிதிநிலை அறிக்கையில் இதற்கென ஒரு தலைப்பும் ஒரு தொகையும் இடம்பெற வேண்டும். அரசு தயங்க இதில் காரணமே இல்லை.